பிள்ளையின் வலிப்பும் மூளை அலைப் பதிவும்: வைத்தியரிடம் நாம் சொல்லாமல் விடுவது

டோர்ட்மண்டில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பொன்றில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வசனத்தின் நடுவில் திடீரென நிறுத்தினாள். கண்கள் திறந்தபடி இருந்தன. இமைகள் மட்டும் மெல்லத் துடித்தன. பத்து விநாடி இருக்கும். பிறகு ஒன்றுமே நடவாதது போல விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். "கவனமாய் வாசியும் பிள்ளை" என்றார் ஆசிரியை. வீட்டிலும் அதே கதைதான். "அவள் எப்பவும் கனவு காணுறவள்" என்று தாய் சொல்வார். யேர்மன் பாடசாலையிலிருந்தும், பிள்ளை வகுப்பில் கவனிப்பதில்லை என்று இரண்டு தடவை கடிதம் வந்திருந்தது.

கடைசியில் குழந்தை வைத்தியர் செய்தது மிகச் சிறிய காரியம். ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம் ஆவதற்குள் காற்றாடி நின்றது. பிள்ளையின் பார்வையும் நிலைகுத்தி நின்றது. சில வாரங்கள் கழித்து எடுத்த மூளை அலைப் பதிவில், விநாடிக்கு மூன்று தடவை என்ற கணக்கில் கூர்முனையும் அலையுமாகக் கோடுகள் எழுந்து விழுந்தன. அவளுக்கு இருந்தது கவனக்குறைவு அல்ல. 'ஆப்சென்ஸ்' எனப்படும் ஒருவகை வலிப்பு. ஒரு நாளில் பல பத்துத் தடவை அது வந்துபோயிருக்கிறது. அவ்வளவு தடவையும் பிள்ளை பேச்சு வாங்கியிருக்கிறாள்.

மூளை அலைப் பதிவை யேர்மன் வைத்தியர்கள் 'ஏ-ஏ-கே' என்பார்கள். ஆங்கிலத்தில் அதுவே 'ஈ.ஈ.ஜி.'. எமது குடும்பங்களில் இந்தச் சோதனையைப் பற்றி இரண்டு விதமான எண்ணங்கள் உலாவுகின்றன. ஒன்று, அது தலைக்குக் கரண்ட் கொடுப்பது என்ற பயம். மற்றது, அந்தக் கடதாசியில் எல்லாம் தெரிந்துவிடும், நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்ற நம்பிக்கை. இரண்டும் பிழை. இரண்டாவது பிழைதான் பிள்ளைகளுக்குக் கூடுதல் கெடுதல் செய்வதாக நாம் கருதுகிறோம்.

முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம். மூளையின் நரம்புக் கலங்கள் தமக்குள் மின்சைகைகளால் பேசிக்கொள்கின்றன. அவற்றில் இலட்சக்கணக்கானவை ஒன்றுசேர்ந்து இயங்கும்போது எழும் மின்னழுத்தம் மண்டையோட்டையும் தோலையும் தாண்டி மிக மெலிதாக வெளியே தெரியும். அது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குதான். கைவிளக்கில் போடும் சிறிய பற்றரியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. தலையில் ஒட்டும் வில்லைகள் அதைக் கேட்கின்றன, கருவி அதைப் பெருக்கிக் கோடாக வரைகிறது. உடலுக்குள் எதுவும் போவதில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

மனிதரில் இதை முதன்முதலில் பதிந்தவர் ஒரு யேர்மன் வைத்தியர், யேனா நகரின் மனநோய் மருத்துவமனைத் தலைவராக இருந்த ஹான்ஸ் பேர்கர். படைச்சேவையில் இருந்த இளவயதில் ஒருநாள் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றே தூரத்திலிருந்த வீட்டிலிருந்து தந்தி வந்தது, அவருக்கு ஏதோ ஆபத்தென்று சகோதரிக்கு மனதில் பட்டதாம். மனம் மனத்தோடு பேசும் சக்தியைத் தேடித்தான் அவர் மூளைக்குள் நுழைந்தார். அந்தச் சக்தி அகப்படவில்லை. 1924ஆம் ஆண்டு அகப்பட்டது மூளையின் மின்னலை. ஐந்து வருடங்கள் தன்னையே சந்தேகித்து, தன் மகன் கிளவுஸின் தலையிலும் பலமுறை பதிந்து பார்த்து, 1929இல் வெளியிட்டார். பல வருடங்கள் எவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1934இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூஸும் மீண்டும் செய்து காட்டிய பிறகே உலகம் நம்பியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் ஆகியோர், அந்தத் தமிழ் வகுப்புப் பிள்ளையின் பதிவில் கண்ட அதே விநாடிக்கு மூன்று என்ற வடிவத்தை ஆப்சென்ஸ் நோயாளரில் கண்டு எழுதினார்கள்.

இனி இங்கே, டோர்ட்மண்டில், இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். வழமையாகக் குழந்தை வைத்தியர் ஒரு 'ஊபர்வைசுங்' எழுதித் தருவார். அதோடு பொய்ர்ஹவுஸ் வீதியில் உள்ள கிளினிக்கும் டோர்ட்மண்டின் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்கோ, குழந்தை நரம்பியல் வைத்தியர் ஒருவரிடமோ, 'எஸ்-பே-செட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சமூகக் குழந்தைநல நிலையத்துக்கோ போகவேண்டியிருக்கும். டாட்டெல்ன் நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் குடும்பங்களும் உண்டு. செலவை நோய்க்காப்புறுதி ஏற்கும். பெரியவர்களைப் பார்க்கும் நரம்பியல் வைத்தியரிடம் நாள் சீக்கிரம் கிடைக்கிறதென்று போய்விடாதீர்கள். பிள்ளையின் மூளை அலைகள் வயதோடு மாறுபவை. வளர்ந்தவர் ஒருவருக்கு அமைதியான விழிப்பில் விநாடிக்கு எட்டு முதல் பதின்மூன்று அலைகள் இருக்கும். கைக்குழந்தைக்கு அது மிக மெதுவானது. பிள்ளை நித்திரைக்குள் சரியும்போது எழும் பெரிய அலைகள், பழக்கமில்லாத கண்ணுக்கு நோய்போலவே தெரியும்.

எமது வீடுகளுக்கென்றே ஒரு முக்கியமான விடயம் உண்டு, அது எண்ணெய். முதல்நாள் இரவு தலை முழுகவார்த்து, ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒரு சொட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் வில்லைக்கும் தோலுக்கும் இடையில் தொடர்பு சரியாக அமையாது, பதிவு கலங்கிப்போகும். இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னலும் வேண்டாம், அவிழ்க்கவே கால்மணி நேரம் போகும். பிள்ளை பசியோடு வரக்கூடாது, சாப்பிட்டுவிட்டே போகலாம். வழமையான மருந்து ஏதும் இருந்தால், வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

துளைகள் உள்ள ஒரு தொப்பியைப் போட்டு, ஏறத்தாழ இருபது வில்லைகளைக் குளிர்ந்த களிம்போடு பொருத்துவார்கள். பதிவு இருபது முப்பது நிமிடம் நடக்கும். கண்ணை மூடு, திற என்பார்கள். மூன்று நிமிடம் ஆழமாக மூச்சுவிடச் சொல்வார்கள், சின்னப் பிள்ளைக்குக் காற்றாடி. சிகிச்சை தொடங்காத ஆப்சென்ஸ் வலிப்புள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த மூச்சிலேயே வலிப்பு வெளிப்பட்டுவிடும். அடுத்து மின்னி மின்னி எரியும் விளக்கு. சிலரின் மூளை மின்னும் ஒளிக்கு எதிர்வினை காட்டும். 1997 டிசம்பரில் யப்பானில் ஒரு பொக்கேமொன் தொடர்ப் படத்தில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியபோது, 600இற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டது இதனால்தான்.

சாதாரணப் பதிவில் ஒன்றும் தெரியாவிட்டால் நித்திரைப் பதிவு எடுப்பார்கள். அதற்காக முதல்நாள் பிள்ளையைப் பிந்திப் படுக்கவைத்து, வேளைக்கு எழுப்பிக் கொண்டுவரச் சொல்வார்கள். நித்திரை குறைந்த மூளையிலும், நித்திரைக்குள் போகும் மூளையிலும் வலிப்பு அலைகள் இலகுவாக வெளியே வரும் என்பதே காரணம். நித்திரை குழம்பினால் பிள்ளைக்கு வருத்தம் வந்துவிடுமென்று இரக்கப்பட்டு நன்றாகத் தூங்கவிட்டுக் கூட்டிப்போன தாய்மாரை நாம் அறிவோம். அரைநாளும் வீண், பதிவும் வீண். காரில் போகும்போது பிள்ளை கண்ணயர்ந்தாலும் அதே கதைதான். பக்கத்தில் ஒருவர் இருந்து கதை கொடுத்துக்கொண்டே போகவேண்டும்.

இந்தக் கோடுகளில் சில வடிவங்கள் கையெழுத்துப் போலத் தெளிவானவை. ஆப்சென்ஸ் ஒன்று. இன்னொன்று, இரவில் நித்திரையில் வாயின் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் வடிந்து, விழித்த பிள்ளை பேச முடியாமல் விழிக்கும் 'ரொலாண்டோ' வகை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் மூளையின் நடுப்பகுதிக்குப் பக்கவாட்டில் எழும் கூர்முனைகள், அதுவும் நித்திரையில் பெருகுபவை, பதிவில் கண்டுகொள்ளப்பட்டால், பிள்ளை வாலிப வயதுக்குள் இதிலிருந்து வெளியே வந்துவிடும் என்று வைத்தியர் பெற்றோருக்குச் சொல்லக்கூடியதாக இருக்கும். பதின்ம வயதில் காலையில் எழும்பியதும் கை சட்டென உதறி, தேநீர்க் கோப்பை தவறிப்போகும் பிள்ளையும் உண்டு. அதைப் பதற்றம் என்று விட்டுவிடுவோம். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.

அவசரமான ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரையான குழந்தை, நித்திரை விட்டு எழும் வேளையில் தலை முன்னே சாய, கைகள் விரிய, கும்பிடுவது போல ஒரு குலுக்கல். சில விநாடியில் இன்னொன்று. அப்படித் தொடர்ச்சியாகப் பத்து, இருபது. பழைய வைத்தியர்கள் இதைச் 'சலாம் வலிப்பு' என்றார்கள். 1841இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் தன் சொந்தக் குழந்தையில் இதைக் கண்டு, உதவி கேட்டு 'லான்செட்' மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. எமது வீடுகளில் இதற்கு "பயந்திட்டுது", "வயித்துக்குத்து", "நாவூறு" என்று பெயர். நூல் கட்டுவது உங்கள் நம்பிக்கை. கட்டுங்கள், ஆனால் அன்றைக்கே வைத்தியசாலைக்கும் போங்கள். இந்த வலிப்பில் பதிவு முழுக்க ஒழுங்கற்ற உயர்ந்த அலைகளாகக் குழம்பிக் கிடக்கும். குழந்தையின் வளர்ச்சி நின்று பின்னோக்கிப் போகும். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். குழந்தை வைத்தியரிடம் இரண்டு வாரத்துக்குப் பிறகு நாள் தந்தால் அதுவரை காத்திருக்கவேண்டாம். நேரே குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டிய விடயம் இது.

இனி இரண்டாவது பிழை. பதிவு எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் பதிவு சாதாரணமாகவே இருக்கும். அந்த அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபக்கம், ஒருநாளும் வலிப்பே வராத ஆரோக்கியமான பிள்ளைகளிலும் நூறில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கூர்முனைகள் தெரியும். ஆகவே கடதாசியை மட்டும் பார்த்து, இருக்கிறது என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு குழந்தை வைத்தியரிடம் வலிப்பு என்று சிகிச்சை பெற்ற பிள்ளைகளை 2001இலிருந்து மீள்பரிசீலனை செய்தபோது, 600இற்கும் மேற்பட்டோருக்கு நோய் பிழையாகக் கணிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தேவையற்ற மருந்தை வருடக்கணக்கில் விழுங்கிய பிள்ளைகள் அவர்கள். பதிவில் கூர்முனைகளைத் தேடிக் குறிக்கும் கணினி நிரல்கள் இப்போது வந்திருக்கின்றன. அவையும் இந்தச் சிக்கலைத் தீர்க்கப்போவதில்லை, ஏனென்றால் சிக்கல் கோட்டில் இல்லை.

சாதாரணக் காய்ச்சல் வலிப்பு, 'ஃபீபர்கிராம்ஃப்', வந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இந்தப் பதிவே பொதுவாகத் தேவையில்லை. நூறில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்கு அது வருகிறது, பெரும்பாலும் வலிப்பு நோயாக மாறுவதில்லை. "ஏன் இவங்கள் ஒரு சோதனையும் செய்யேல்லை" என்று அப்போது கோபப்படவேண்டாம். "ஸ்கான் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை" என்று நிம்மதி அடைவதும் சரியல்ல. எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் அமைப்பை. அலைப்பதிவு காட்டுவது அது வேலைசெய்யும் விதத்தை. வீட்டில் தண்ணீர்க் குழாய் எல்லாம் சரியாக இருந்தும் மின்சாரம் தடுமாறலாம்.

அப்படியானால் வைத்தியர் எதை வைத்து முடிவெடுக்கிறார்? நடந்ததைக் கண்டவர் சொல்வதை வைத்து. பதிவு அந்தச் சாட்சியத்துக்குத் துணை. எமது குடும்பங்களில் அந்தச் சாட்சியம் வைத்தியரின் மேசைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் எமது கவலை.

நாம் நேரில் கண்ட ஒன்று. தாய் தமிழில் மூன்று நிமிடம் சொன்னார்: விடியப்புறம் நாலு மணிபோல ஒரு சத்தம் கேட்டு ஓடிப்போனது, இடது வாய்க்கோடி இழுத்தபடி இருந்தது, பிறகு இடது கை, பிறகுதான் உடம்பு முழுக்க, கூப்பிடப் பிள்ளை பார்த்தது ஆனால் பேசவில்லை, பிறகு அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் மொழிபெயர்க்க இருந்தவன் பதின்மூன்று வயது அண்ணன். அவன் சொன்ன யேர்மன் வசனம் ஒன்றே ஒன்று: "சீ ஹாட் கெட்சிட்டர்ட்." அவள் நடுங்கினாள். இடது பக்கத்தில் தொடங்கியது என்ற செய்தி, மூளையின் எந்தப் பக்கத்தில் தேடவேண்டும் என்பதற்கான திறவுகோல். அது அந்த மேசையைத் தாண்டவேயில்லை. அண்ணனில் பிழையில்லை. தங்கைக்கு நடந்ததைக் கண்டு பயந்துபோன பிள்ளை அவன். அந்தச் சுமையை அவன் தலையில் வைத்தது நாம்.

சட்டரீதியான நோய்க்காப்புறுதி பொதுவாக மொழிபெயர்ப்பாளர் செலவைக் கொடுப்பதில்லை. ஆனால் நாள் எடுக்கும்போதே மருத்துவமனையில் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வளர்ந்த, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போங்கள். அதற்கும் முன்பாக, கண்டதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிவையுங்கள், ஆறுதலாக ஒருவர் யேர்மனில் மாற்றித்தரலாம். எந்த நேரம், நித்திரையிலா விழிப்பிலா, காய்ச்சல் இருந்ததா, முதலில் அசைந்தது எது, தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின, கூப்பிட்டபோதும் தொட்டபோதும் திரும்பிப் பார்த்ததா, மணிக்கூட்டின்படி எவ்வளவு நேரம், முடிந்தபிறகு எப்படி இருந்தது. கனவு காணும் பிள்ளை தோளில் தட்டினால் திரும்பும். ஆப்சென்ஸில் இருக்கும் பிள்ளை திரும்பாது. பிள்ளை பாதுகாப்பாக இருந்தால் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பிள்ளை துடிக்கும்போது படம் பிடிப்பதா என்று உறவுகள் ஏசும். முகமும் இரண்டு கைகளும் தெரியும் ஒரு நிமிட வீடியோ, பல வேளைகளில் அரைமணி நேரப் பதிவைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

மொழி மட்டுமே தடையென்றால் எப்போதோ தாண்டியிருப்போம். பலர் தெரிந்தே மறைக்கிறார்கள். "எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சிடும்", "பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசவேணும்". ஹம் அம்பாள் தேரில் பிள்ளை மயங்கி விழுந்தால் "வெயில்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தாய் பக்கத்தில் யாருக்கும் இருந்ததா என்று வைத்தியர் கேட்டால், இல்லை என்ற பதில் யோசிக்காமல் வருகிறது. ஊரில் மாமா ஒருவருக்கு இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

இந்த வெட்கம் எம்முடையது மட்டுமல்ல. நாம் வாழும் இந்த நாடே அதைச் சட்டமாக்கியது. 1933 யூலை 14ஆம் நாள் நாசி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் 'பரம்பரை வலிப்பு' பெயர் குறிப்பிட்டு எழுதப்பட்டிருந்தது. அந்தச் சட்டத்தால் நான்கு இலட்சம் வரையானோர் பிள்ளைப்பேறு இழந்தார்கள். வழக்குகளைத் தீர்க்க மரபுச் சுகாதார நீதிமன்றங்கள் இருந்தன. யேனாவில் அந்த நீதிமன்றத்தின் மேன்முறையீட்டு அமர்வில் உறுப்பினராக இருந்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் பேர்கர். நெடுங்காலம் அவர் நாசிகளால் ஒதுக்கப்பட்ட மனிதராகவே எழுதப்பட்டார். உண்மை பிற்கால ஆய்வுகளிலேயே வெளிவந்தது. வலிப்பு பேயுமல்ல சாபமுமல்ல, மூளையின் மின்கோளாறு என்று உலகுக்குக் காட்டும் கருவியைத் தந்த அதே மனிதர்! 1941இல் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவிலும், அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்துக்குத் தடை என்ற வாசகம் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999இல்தான் நீக்கப்பட்டது. இங்கு இன்று நிலைமை வேறு. வைத்தியரும் அவருடைய பணியாளரும் நீங்கள் சொல்வதை வெளியே சொன்னால் தண்டனைக்குரிய குற்றம். பாடசாலைக்கோ வேறெவருக்கோ சொல்வதென்றால் உங்கள் ஒப்புதல் வேண்டும்.

டோர்ட்மண்டிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில், பீலஃபெல்ட் நகரில், பெத்தேல் இருக்கிறது. 1867இல் வலிப்பு நோயாளருக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. நாசிக் காலத்தில் அங்கும் கட்டாயக் கருத்தடைகள் நடந்தன. இன்று ஐரோப்பாவின் பெரிய வலிப்பு நிலையங்களில் ஒன்று. மருந்துக்கு அடங்காத வலிப்பு, அல்லது வலிப்புத்தானா என்றே விளங்காத நிலை என்றால், இப்படியான இடங்களில் பிள்ளையைப் பல நாட்கள் தங்கவைத்து, இரவுபகலாக வீடியோவும் அலைப்பதிவும் சேர்த்து எடுப்பார்கள். அப்போது வலிப்பு வரும் அதே நொடியில் மூளையில் என்ன நடக்கிறதென்று பார்க்கலாம். அறுவைச்சிகிச்சை உதவுமா என்பதும் அங்கேதான் ஆராயப்படும். உங்கள் வைத்தியர் பெத்தேல் என்று சொன்னால், பிள்ளையைக் கைவிட்டுவிட்டார் என்று பொருளல்ல.

நோய் உறுதியானபின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தோடு வலிப்பு நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம். வலிப்பு வந்தால் கையில் திறப்பும் இரும்பும் கொடுப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது எல்லாம் வேண்டாம், பல்தான் உடையும். பக்கத்திலுள்ள கூரான பொருட்களை அகற்றி, தலைக்குக் கீழே மெதுவானது ஏதும் வைத்து, துடிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவிடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் வைத்தியர் தந்த அவசர மருந்தைக் கொடுத்து 112ஐ அழையுங்கள். முதல் தடவையாக வரும் வலிப்பென்றால் ஐந்து நிமிடம் பார்க்காமலே அழையுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன பிள்ளை இப்போது நான்காம் ஆண்டில் இருக்கிறாள். காலையும் மாலையும் மருந்து. கடைசிப் பதிவில் அந்த மூன்று அலை இல்லை. எழுத்து ஒப்புதலோடு பாடசாலைக்கும் தமிழ் வகுப்புக்கும் தாயே சொல்லிவிட்டார், ஆசிரியையின் மேசை இலாச்சியில் என்ன செய்யவேண்டுமென்று எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. பதிவு எடுத்த அன்று வீட்டுக்கு வந்ததும், தலையில் ஒட்டிக் காய்ந்த களிம்பைக் கழுவ இரண்டு தடவை ஷாம்பூ போடவேண்டியிருந்ததாம். அதற்குப் பிறகுதான் அம்மம்மா எண்ணெய் வைத்துவிட்டார்.